சந்தைச் சட்டமும் சிறு குடியானவரும்

விளைச்சலைப் பெருக்குவது எப்படி என்பதைப் பற்றி நாம் ஓயாமல் பேசி வருகிறோம். விதை நேர்த்தி, தழை உரம், வாய்க்கால் பராமரிப்பு என்று எத்தனையோ பாடங்கள். விளைந்ததை விற்பது எப்படி என்பதைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு. இது குறைதான் என்பதை ஒப்புக்கொள்கிறோம். நான்கு மாத காலம் நிலத்தில் பாடுபட்டதன் பலன், அறுவடைக்குப் பின் அரைமணி நேரத்தில், ஒரு தராசின் முன்னிலையில் தீர்மானமாகி விடுகிறது. அந்த அரைமணி நேரத்தில் நியாயம் நிலவ வேண்டும் என்பதற்காகவே நம் ராஜ்யத்தில் 1933 முதல் ஏதேனும் ஒரு வடிவில் சந்தைச் சட்டம் இருந்து வருகிறது. அச்சட்டம் யாருக்காக இயற்றப்பட்டதோ, அவர்களிலேயே பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

சிறு குடியானவர் என்று நாம் சொல்வது ஒரு சிலரை அன்று. 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நிலம் வைத்துச் சாகுபடி செய்வோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் 2 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 5 ஏக்கருக்குக் குறைந்த நிலம் உடையவர்களே. ஐந்து மூட்டை, பத்து மூட்டை என்று விற்கும் இவர்களைக் கருதியே விற்பனை முறையை ஆராய வேண்டும். நூறு மூட்டைக்காரருக்கு விலை பேசும் வலிமை இயல்பாகவே உண்டு.

ஒரு கணக்கு

முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இதிலுள்ள எண்கள் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை. வாசகர்கள் தத்தம் ஊர் விலையை வைத்துப் போட்டுப் பார்க்கலாம்.

ஒருவர் 10 மூட்டை நிலக்கடலையை மண்டிக்குக் கொண்டு செல்கிறார். மூட்டைக்கு 40 கிலோ. மொத்தம் 400 கிலோ. பேசிய விலை கிலோவுக்கு 60 ரூபாய். ஆகவே அவருக்கு 24,000 ரூபாய் வர வேண்டும். மண்டியில் மூட்டைக்கு ஒரு கிலோ ‘கழிவு’ என்று தள்ளுகிறார்கள். மண், தூசி, சாக்கின் எடை, மாதிரிக்கு எடுத்த கை என்று அதற்குக் காரணங்கள் கூறப்படும். தராசு மூட்டைக்கு அரைக் கிலோ குறைத்துக் காட்டுகிறது. இப்போது மிஞ்சுவது 385 கிலோ; அதன் விலை 23,100 ரூபாய். இதில் தரகு நூற்றுக்கு 5 வீதம் 1,155 ரூபாய். இறக்கு கூலி மூட்டைக்குப் பத்து வீதம் 100 ரூபாய். மகமை 45 ரூபாய். கடைசியாகக் கைக்கு வருவது 21,800 ரூபாய். ஒவ்வொன்றும் சிறு தொகைதான். வழியிலே கரைந்ததோ 2,200 ரூபாய். நூற்றுக்கு ஒன்பது ரூபாய்க்கு மேல்! விலை குறைந்ததாக எவரும் சொல்லவில்லை. அறுபது ரூபாய்க்குத்தான் விற்றது என்று அவர் ஊருக்குத் திரும்பியும் சொல்லுவார். இந்தத் தொகையிலும் பாதி இன்று, மீதி அடுத்த வாரம் என்றால், அந்த மீதிக்காக இரண்டு நாள் வேலையும் பஸ் கட்டணமும் தனி.

விலை ஏற்ற இறக்கம் மழையையும் உலகச் சந்தையையும் பொறுத்தது. அதை ஒரு சட்டத்தால் முழுதும் கட்டிவிட முடியாது. ஆனால் மேற்கண்ட 2,200 ரூபாய் மழையாலும் போகவில்லை, உலகச் சந்தையாலும் போகவில்லை. அதைத் தடுக்கச் சட்டத்தால் முடியும்.

சட்டம் வந்த வரலாறு

பழங்காலத்து எடைகளை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் சில ஊர்களில் இன்னும் இருக்கக்கூடும். நாற்பது பலம் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு என்பது சென்னை ராஜதானியின் பொதுக் கணக்கு. ஏட்டில் இப்படி இருந்தபோதிலும், ஊருக்கு ஊர் எடை வேறுபட்டது. விலை பேசுவதோ துணியின் மறைவில் விரலைப் பிடித்து. பொருளுக்கு உடையவர் அருகிலேயே நிற்பார், என்ன விலை பேசப்பட்டதென்று அறியமாட்டார். இந்திய விவசாயத்தை ஆராய 1926-இல் நியமிக்கப்பட்ட ராயல் கமிஷன் 1928-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. சந்தைகளைச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது அதன் முக்கியமான சிபாரிசுகளில் ஒன்று. பேரார் பகுதியில் பருத்திக்காக 1897-இலேயே இத்தகைய சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருந்தது. பம்பாயில் 1927-இல் வந்தது. சென்னை ராஜதானி 1933-இல் வாணிபப் பயிர்கள் சந்தைச் சட்டத்தை இயற்றியது. பருத்தி, நிலக்கடலை, புகையிலை ஆகியவற்றை அது முதலில் கருதியது. 1936-இல் பருத்திக்காகத் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் திறக்கப்பட்டது.

சட்டத்தின் அமைப்பு எளியது. ஒரு பகுதியை அரசாங்கம் அறிவிக்கை செய்கிறது. அப்பகுதிக்கு ஒரு விற்பனைக் குழு அமைகிறது. அதில் விளைவிப்போருக்கும் வணிகருக்கும் பிரதிநிதித்துவம் உண்டு. அங்கே வாங்க விரும்பும் வணிகர் உரிமம் பெற வேண்டும். எடை, கழிவு, தரகு ஆகியவற்றில் குழுவின் விதியே விதி.

வணிகர்கள் இதை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. தொழில் செய்யும் சுதந்திரத்தை அரசியலமைப்பு வழங்கியிருக்க, உரிமம் பெற்றுத்தான் வாங்க வேண்டும் என்பது எப்படிப் பொருந்தும் என்று சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றார்கள். 1958-இல் தீர்ப்பு வந்தது. விளைவிப்போரை இடைத்தரகரின் சுரண்டலிலிருந்து காத்து, நியாயமான விலை கிடைக்கச் செய்வதே சட்டத்தின் நோக்கம். பொதுநலத்தை முன்னிட்ட அதன் கட்டுப்பாடுகள் நியாயமானவை என்று கோர்ட்டார் சட்டத்தை நிலைநிறுத்தினார்கள். இன்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளும் ஓர் உரிமை, இப்படி வழக்காடிப் பெற்றது என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். மறு ஆண்டிலேயே, 1959-இல், விவசாய விளைபொருள் சந்தைச் சட்டம் என்ற விரிவான சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் பின்னர் இயற்றப்பட்டது.

இது ராஜ்ய சட்டசபையின் பொறுப்பு என்பதற்கும் காரணம் உண்டு. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் விவசாயம் 14-ஆம் இனமாகவும், சந்தைகள் 28-ஆம் இனமாகவும் ராஜ்யப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஆகவே ராஜ்யத்திற்கு ராஜ்யம் நிலைமை மாறும். கேரளத்தில் இத்தகைய சந்தைச் சட்டம் இயற்றப்படவே இல்லை. பீகார் தன் சட்டத்தை 2006-இல் ரத்துச் செய்தது. அதன் பின் சந்தை வளாகங்கள் பல பராமரிப்பின்றிக் கிடந்தன, சிறு விவசாயி கிராமத்து வியாபாரியையே பெரிதும் நம்ப நேர்ந்தது. சந்தைக்கு வெளியே கட்டணமின்றி வாணிபம் செய்ய வழிவகுத்த மத்தியச் சட்டம் 2020-இல் மற்ற இரு சட்டங்களோடு வந்தபோது, பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் ஓராண்டுக்கு மேல் கிளர்ச்சி செய்ததும், 2021-இல் மூன்று சட்டங்களும் நீக்கப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அங்கே மண்டி உயிர்நாடி. இங்கே நம் விற்பனைக் கூடத்திற்கு அத்தகைய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

கூடத்தில் நடப்பது

தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய 280 ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் இருக்கின்றன. விழுப்புரத்தில் நெல், ஈரோட்டில் மஞ்சள், திருப்பூரில் பருத்தி என்று ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு பெயர் உண்டு. பார்த்திராதவர்களுக்காக அங்கு நடப்பதைக் கூறுவோம்.

காலையில் மூட்டைகள் வந்து இறங்குகின்றன. ஒவ்வொருவருடைய பொருளும் தனித்தனிக் குவியலாக, பெயரும் எண்ணும் எழுதி வைக்கப்படுகிறது. வணிகர்கள் குவியல்களைச் சுற்றி வந்து கையில் அள்ளிப் பார்க்கிறார்கள். நிலக்கடலையானால் உடைத்துப் பருப்பின் கனத்தைப் பார்ப்பார்கள். மஞ்சளானால் முறித்து நிறத்தைப் பார்ப்பார்கள். பின்னர் ஒவ்வொருவரும் தாம் கொடுக்கத் தயாராக உள்ள விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இதுவே மறைமுக ஏலம். குறித்த நேரத்தில் சீட்டுகளைப் பிரித்து, உயர்ந்த விலையை அறிவிக்கிறார்கள். சில கூடங்களில், 2016-இல் தொடங்கிய தேசிய மின்னணு வேளாண் சந்தையின் வழியே இதுவே கணினியில் நடைபெறுகிறது.

இங்கேதான் பலரும் அறியாத ஒரு விஷயம் இருக்கிறது. அறிவிக்கப்பட்ட விலை பிடிக்கவில்லையானால் ‘கொடுக்க மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை விவசாயிக்கு உண்டு. பொருளைத் திருப்பி எடுத்துச் செல்லலாம்; கூடத்துக் கிடங்கிலேயே வைக்கவும் செய்யலாம். விலை சம்மதமானால் முத்திரையிட்ட தராசில் எடை போடப்படும். கழிவு இல்லை, தரகு இல்லை, மகமை இல்லை. நூற்றுக்கு ஒரு ரூபாய் விற்பனைக் கட்டணம் உண்டு. அதை வாங்கும் வணிகரே செலுத்துகிறார். நாம் மேலே போட்ட கணக்கில் அந்தக் குடியானவர் இழந்த தொகையில் மிகப் பெரும் பகுதி இங்கே அவர் கையிலேயே நின்றுவிடும்.

குறையே இல்லையா என்றால், உண்டு. வாங்குவோர் பத்துப் பேர் இருக்கும் கூடத்தில் மறைமுக ஏலம் நல்ல விலையைத் தரும். மூன்று பேரே வரும் கூடத்தில் அம்மூவரும் வெளியே தேநீர்க் கடையில் பேசி வைத்துக்கொண்டு எழுதினால் எந்தப் பெட்டியாலும் பயனில்லை. நாம் பார்த்த கூடம் ஒன்றில், ஏலக் கொட்டகை காலியாகவும் கிடங்கு பூட்டியும் கிடந்தது. கண்காணிப்பாளர் நாள்தோறும் வருகிறார், பொருள்தான் வருவதில்லை என்றார்கள். பொருள் வராததால் வணிகர் வருவதில்லை; வணிகர் வராததால் பொருள் வருவதில்லை. இந்தச் சுழலை உடைக்க அரசாங்கத்தின் உத்தரவு மட்டும் போதாது.

போகாததன் காரணம்

‘இத்தனை நன்மை இருக்க ஏன் போவதில்லை?’ என்று கேட்டால், அறியாமை என்று பதில் சொல்லிவிடுவது எளிது. நாம் அவ்விதம் கருதவில்லை. குடியானவருக்குத் தம் காரியம் நன்றாகவே தெரியும்.

விதைக்கும்போது மண்டிக்காரர் முன்பணம் கொடுத்திருக்கிறார். மகள் திருமணத்திற்கும் அவரே கொடுத்தார். இரவில் கதவைத் தட்டினாலும் கொடுப்பவர். அவரிடம் கடன்பட்டவர் பொருளை வேறிடம் கொண்டு செல்ல முடியுமா? கடன் சீட்டிலே வட்டி இல்லாமல் இருக்கலாம். தராசிலே அது இருக்கிறது. 1938-இல் ராஜாஜி முதன்மை அமைச்சராக இருந்தபோது விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. வட்டிச் சுமையை அது குறைத்தது. ஆனால் அடுத்த விதைப்புக்குப் பணம் எங்கே என்ற கேள்விக்குச் சட்டத்தால் மட்டும் விடை கூற இயலவில்லை. அதற்கு விடை கூட்டுறவுச் சங்கம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் பெற்றவர், அறுவடை நாளில் எவருக்கும் கட்டுப்பட்டவர் அல்லர்.

இரண்டாவது காரணம், அறுவடை முடிந்தவுடன் பணம் தேவைப்படுவது. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தேவை, எல்லோரும் ஒரே வாரத்தில் விற்கிறார்கள், விலை விழுகிறது. இதற்காகவே விற்பனைக் கூடங்களில் பொருளீட்டுக் கடன் ஏற்பாடு உள்ளது. பொருளைக் கிடங்கில் வைத்துவிட்டு, அதன் மதிப்பில் முக்கால் பங்கு வரை கடனாகப் பெறலாம்; 180 நாள் வரை காத்திருந்து விலை தேறும்போது விற்கலாம். எனினும் ஒன்று கவனிக்க வேண்டும். ஈரமான பொருளைக் கிடங்கில் வைத்தால் பூஞ்சணம் பிடித்து உள்ளதும் போகும். நிலக்கடலையின் ஈரம் நூற்றுக்கு எட்டு அளவுக்குக் குறையும் வரை உலர்த்த வேண்டும். குலுக்கினால் பருப்பு உள்ளே கலகலவென்று ஒலிக்க வேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதுவே. விலை கட்டாயம் ஏறும் என்ற உறுதியும் இல்லை. காத்திருப்பதும் ஒரு துணிவுதான்.

மூன்றாவது காரணம் தூரம். மூன்று மூட்டைக்கு வண்டி பிடித்து இருபது கிலோமீட்டர் செல்பவருக்குத் தரகில் மிச்சமாவது வண்டிக் கூலியில் போய்விடும். ஒரு தெருவைச் சேர்ந்த ஏழெட்டுக் குடும்பங்கள் ஒரே நாளில் ஒரே வண்டியில் அனுப்பினால் இக்கணக்கு மாறுகிறது. 2017-18-இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், இருபது பேர் கொண்ட ஆர்வலர் குழுக்கள் ஐந்தை இணைத்து, நூறு பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு அமைத்ததன் கருத்து இதுவே. மேலும், நூறு பேருடைய பொருள் வருகிறதென்று தெரிந்தால் வெளியூர் வணிகரும் வருவார்; தேநீர்க் கடைப் பேச்சு அப்போது எடுபடாது.

காய்கறிக்கு ஒரு சந்தை

இதுவரை கூறியவை காத்து வைக்கக்கூடிய பொருள்களுக்கே பொருந்தும். கத்தரிக்காயைக் கிடங்கில் வைக்க முடியாது. காலையில் பறித்த கீரை மாலையில் வாடும். வாடும் பொருளை வைத்திருப்பவரால் பேரம் பேச முடியாது. ஆகவே காய்கறி விளைவிப்பவரே மிகுதியும் ஏமாறுபவர்.

இக்குறையைப் போக்க 1999 நவம்பர் 14-ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி திறந்து வைத்தார். சண்டிகரில் 1987-இல் தோன்றிய ‘அப்னி மண்டி’யும், ஆந்திரத்தில் அவ்வாண்டுத் தொடக்கத்தில் தோன்றிய ‘ரைத்து பஜா’ரும் இதற்கு முன்னோடிகள். ஓராண்டுக்குள் நூறாவது சந்தை பல்லாவரத்தில் திறக்கப்பட்டது. விளைவிப்பவர் என்று அடையாள அட்டை பெற்றவரே இங்கு விற்கலாம். தராசும் கடையும் இலவசம். மொத்த விலைக்கு நூற்றுக்கு இருபது கூடுதலாகவும், சில்லறை விலைக்கு நூற்றுக்குப் பதினைந்து குறைவாகவும் விலை அமைய வேண்டும் என்பது ஏற்பாடு. விற்பவருக்கும் லாபம், வாங்கும் நகரத்துக் குடும்பத்திற்கும் லாபம். பக்கத்துக் கிராமத்தில் அன்று விடியலில் பறித்த காய் அன்றே அடுப்பேறுகிறது. பெண்கள் தாமே கூடை சுமந்து வந்து, தாமே விற்று, பணத்தைத் தாமே முடிந்துகொண்டு போவதைப் பார்க்கும்போது, புள்ளிவிவரம் எதுவும் தேவைப்படுவதில்லை.

ஆனால் இச்சந்தைகள் தனிச் சட்டம் ஒன்றால் தோன்றியவை அல்ல, அரசாணையால் தோன்றியவை. இந்த வேறுபாடு சிறியதன்று. 2001-க்குப் பின் இவற்றில் பல களையிழந்தன. 2006-க்குப் பின் மீண்டும் தளிர்த்தன. சட்டத்தில் வேரூன்றிய நிறுவனம் ஆட்சி மாற்றத்தால் இப்படி வாடியும் தளிர்த்தும் வருவதில்லை. 1933-இல் தோன்றிய ஏற்பாடு அரசாங்கங்கள் பல மாறியும் நிற்பதற்கு, அது சட்டப் புத்தகத்தில் இடம் பெற்றதே காரணம். உழவர் சந்தைக்கும் அவ்வாறான சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பது நம் கருத்து. அதன் நிலம் வேறு காரியத்திற்கு மாற்றப்படாமலும், அடையாள அட்டை வியாபாரி கைக்குப் போகாமலும் இருப்பதற்கு அது உதவும். இதனைச் சட்டசபை உறுப்பினரிடம் கூறுவதற்குப் பெரிய மாநாடு கூட்ட வேண்டியதில்லை. கிராம சபையின் தீர்மானம் ஒன்று போதும்.

உழவர் சந்தை பெரும்பாலும் நகரங்களில் இருக்கிறது. கிராமத்திற்கு அருகில் உள்ளது வாரச் சந்தையே. செவ்வாய்ச் சந்தை, வெள்ளிச் சந்தை என்று ஊர்தோறும் உள்ள இவை 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் ஊராட்சிக்கோ ஊராட்சி ஒன்றியத்திற்கோ உரியவை. சுங்கம் வசூலிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகைதாரர் ஒரு கூடைக்கு எவ்வளவு வாங்கலாம், ஒரு மூட்டைக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு விகிதம் உண்டு. அவ்விகிதத்தை எழுதிய பலகை சந்தை வாயிலில் இருக்கிறதா என்று வாசகர்கள் அடுத்த சந்தை நாளில் பார்க்க வேண்டுகிறோம். நாம் சென்ற பல இடங்களில் பலகை இல்லை. ஓரிடத்தில் இருந்தது, எழுத்து அழிந்திருந்தது. கூடையில் நான்கு கட்டுக் கீரையோடு வரும் மூதாட்டிக்கும் லாரியோடு வரும் மொத்த வியாபாரிக்கும் ஒரே பேச்சில் சுங்கம் கேட்கப்படுவது அங்கேதான்.

தராசைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்னணுத் தராசு என்றாலே பிழையற்றது என்ற எண்ணம் பரவியிருக்கிறது, அது சரியன்று. மின்னணுத் தராசும் ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். ஐயம் எழுந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். வீட்டிலிருந்து புறப்படும் முன் ஒரு மூட்டையையாவது முத்திரையுள்ள தராசில் நிறுத்து, எடையைச் சாக்கின் மேல் எழுதிக்கொண்டு போவது நல்லது. எழுதிய எண்ணைப் பார்த்ததும் எடை போடுபவர் கையே சற்று நிதானப்படும்.

கிராம சபை முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடி வந்தது. 2022 முதல் மார்ச் 22-ஆம் தேதியும் நவம்பர் 1-ஆம் தேதியும் சேர்க்கப்பட்டு ஆறு முறையாகியுள்ளது. சந்தைக் குத்தகை ஆண்டு பெரும்பாலும் ஏப்ரலில் தொடங்குகிறது. ஆகையால் சுங்க விகிதப் பலகையையும், கீரைக் கூடைக்கு விலக்கையும் குத்தகை நிபந்தனையில் சேர்க்க விரும்பும் ஊரார் மே மாதக் கூட்டம் வரை காத்திராமல் மார்ச் கூட்டத்திலேயே அதனை எழுப்ப வேண்டும்.